கண்ணில் விழுந்த பூவும் தாத்தாவின் விருப்பமும்

கேள்வி: டொக்டர், நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 51 வயது, கொழுந்து எடுக்கிறவர். போன வருடம் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு (வெட்டிப் போட்ட குச்சிகள்) பொறுக்கும்போது ஒரு குச்சி வலது கண்ணில் அடித்துவிட்டது. பக்கத்து லயத்து அக்கா தன் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு மிச்சம் வைத்திருந்த மருந்தை விட்டோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு வலி தாங்க முடியாமல் ஆஸ்பத்திரியில் 23 நாள் இருந்தார். புண் ஆறிவிட்டது, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழி மாற்றலாம் என்கிறார்கள். செய்யலாமா, பயமாக இருக்கிறது. தாத்தாவுக்கு 82 வயது, சீனி இருக்கிறது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. "நான் செத்தால் என் கண்ணை உங்கம்மாவுக்குக் கொடுங்க" என்று பிடிவாதமாக இருக்கிறார். பெரியப்பா, கண் இல்லாமல் அடக்கம் செய்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார் என்று சண்டை போடுகிறார். இதற்கும் பதில் எழுதுங்கள். தம்பிக்கு 17 வயது, இரண்டு வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றிவிட்டோம், எந்த நேரமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான், அது சும்மா பழக்கம்தானே?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டு, தம்பியைக் கடைசியில் ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். நான் அந்தக் கடைசி வரியில் இருந்துதான் தொடங்கப் போகிறேன். அம்மாவின் கண்ணில் நடந்தது நடந்து முடிந்துவிட்டது, இனி நிதானமாக யோசித்துச் செய்யலாம். தாத்தா இருக்கிறார், நல்லபடியாக இருக்கட்டும். நேரம் ஓடிக்கொண்டிருப்பது தம்பிக்குத்தான்.

அந்த வயதில் கண்ணாடி பவர் கூடுவது சாதாரணமாகவும் இருக்கலாம், வளர்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடத்தான் செய்யும். ஆனால் அடிக்கடி கண்ணாடி மாற்றுவதும் கண்ணைக் கசக்குவதும் ஒன்றாக வந்தால் எங்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். கண்ணாடிக் கடையில் பவர் எழுதித் தந்த மூன்று துண்டுகளும் வீட்டில் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலிண்டர் என்று போட்ட இடத்தில் உள்ள எண் ஒவ்வொரு தடவையும் ஏறுகிறதா, புதுக் கண்ணாடி போட்டும் "எழுத்து இரண்டு இரண்டாகத் தெரியுது, நிழல் விழுது" என்று சொல்கிறானா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது கூம்புக் கருவிழியாக இருக்கலாம். பந்து மாதிரி உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி, நடுவிலோ கொஞ்சம் கீழேயோ மெலிந்து, உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல முன்னால் தள்ளிக் கூம்பு மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி முப்பது வயதைத் தாண்டும்வரை கூடும். கசக்குவது அதைக் கெடுக்கும். விரல் முட்டியை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள் பாருங்கள், அதுதான் மிக மோசம்.

இதைச் சாதாரணக் கண் சோதனையில் கண்டுபிடிப்பது கஷ்டம். கருவிழியின் மேடு பள்ளத்தை நிறம் நிறமாக வரைந்து காட்டும் ஒரு கருவி இருக்கிறது, மலைக்கு உயரக்கோடு போட்டு வரைபடம் வரைவது போலத்தான். வலி கிடையாது, ஊசி கிடையாது, நாடியை ஒரு தாங்கியில் வைத்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் முடிந்தது. கண் கிளினிக்கில் "கருவிழி வரைபடம் எடுக்க வேண்டுமா" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நோய் கூடிக்கொண்டே போகிறது என்று தெரிந்தால், ரைபோஃபிளேவின் என்ற பி2 விட்டமினைத் துளித் துளியாகக் கண்ணில் விட்டு ஊறவைத்து, அதன் மேல் குறிப்பிட்ட அளவு புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். கருவிழிக்குள் இருக்கும் நார்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்துகொள்ளும். இந்தச் சிகிச்சை 1990களின் கடைசியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. போன பார்வையை இது திருப்பித் தராது, இருப்பதைப் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும், அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். இப்போது ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை. விட்டால் இருபத்தைந்து வயதில் அவனும் அம்மாவைப் போல யாரோ ஒருவரின் கருவிழிக்காகக் காத்திருக்க வேண்டி வரலாம். உயர்தரப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம், இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை கசக்கக் கூடாது. அரித்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் வைக்கட்டும். அரிப்புக்கு என்று கடையில் சொந்தமாக மருந்து வாங்கி விடவே வேண்டாம், ஏன் என்பது அம்மாவின் கதையிலேயே வருகிறது.

சரி, அம்மா.

முதலில், பக்கத்து லயத்து அக்காவோடு கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மாவையும் திட்டாதீர்கள். நல்லது நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், தோட்டத்தில் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லவும் வேண்டும். புரை ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருக்கும். வெட்டிய கண்ணில் வீக்கமும் சிவப்பும் அடங்க அது தேவை. அதையே குச்சி அடித்த கண்ணில் விட்டால்? காய்ந்த குச்சியிலும் இலையிலும் பூஞ்சணம் ஒட்டியிருக்கும், நம் மலையில் எப்போதும் ஈரம் வேறு. குச்சி கீறின இடத்தில் அந்தப் பூஞ்சணம் இறங்கிவிடுகிறது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுவதால்தான் சிவப்பும் வலியும். ஸ்டீரொயிட் அந்தச் சண்டையை நிறுத்திவிடும், கிருமியை நிறுத்தாது. சிவப்பு குறையும், "அட, நல்ல மருந்து" என்று தோன்றும், அதுதான் நீங்கள் எழுதிய அந்த இரண்டு நல்ல நாட்கள். அந்த இரண்டு நாளும் தடுக்க ஆள் இல்லாமல் பூஞ்சணம் உள்ளே வேர் விட்டிருக்கும். பிறகு ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நட்டாமைசின் போன்ற மருந்தை இரவு பகலாக மணிக்கொரு தரம் விட்டிருப்பார்கள். 23 நாள் அங்கே இருந்து கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாரே, அதுவே பெரிய காரியம், சில பேருக்குக் கருவிழி ஓட்டை விழுந்து கண்ணையே எடுக்க வேண்டி வருகிறது.

அந்த மருந்துப் போத்தல் இன்னும் வீட்டில் இருந்தால் இன்றைக்கே எறிந்துவிடுங்கள். கண் மருந்து பொதுவாகத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. முலைப்பால் விடுவது, பச்சிலை பிழிந்து விடுவது, தேன் தடவுவது எல்லாமே எங்களுக்குத் தினமும் புண் பிடித்த கண்களைக் கொண்டுவந்து சேர்க்கிற வேலைகள். மலையில் குச்சி அடித்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கசக்காமல், கட்டுப் போடாமல், அன்றைக்கே கண் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போவது. அரை நாள் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போனால் போகட்டும். வெற்றிலைச் சுண்ணாம்போ தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தோ கண்ணில் பட்டால் மட்டும் வேறு கதை, அப்போது ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுவதற்கு முன்னால் பீலித் தண்ணீரிலாவது இமையை விரித்துப் பிடித்து அரை மணித்தியாலம் கழுவ வேண்டும், பிறகு போகலாம்.

இப்போது அந்தப் பூ. கருவிழி என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஜன்னல், பள்ளிக்கூடப் புத்தகத்தில் விழிவெண்படலம் என்று படித்திருப்பீர்கள். நடுவில் அரை மில்லிமீட்டர் தடிப்புத்தான். அதில் இரத்தக் குழாயே கிடையாது, இருந்தால் ஒளி எப்படிப் போகும்? மேலே படும் காற்றில் இருந்து கண்ணீர் வழியாகத்தான் ஒக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. காலில் வெட்டுப்பட்டுத் தழும்பு வந்தால் யாருக்கும் நட்டமில்லை. கருவிழியில் தழும்பு வந்தால் ஜன்னலுக்கு வெள்ளை பூசினது மாதிரி. அந்தத் தழும்பைத்தான் நம் ஆட்கள் பூ விழுந்தது என்கிறார்கள். புரை வேறு, இது வேறு. புரை உள்ளே இருக்கும் வில்லையில் வருவது, அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வில்லை வைக்கலாம். கருவிழிக்கு அம்மாவைப் போன்றவர்களுக்கு வைக்கக் கூடியது இன்னொரு மனிதரின் கருவிழிதான். செயற்கைக் கருவிழிகள் இருக்கத்தான் செய்கின்றன, அவை வேறு வழியே இல்லாத கண்களுக்கு.

செய்யலாமா என்று கேட்டீர்கள். கடிதத்தை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது சரியாகாது, ஆனால் எந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் முடிவு எடுக்கலாம் என்று சொல்கிறேன். வலது கண்ணில் டோர்ச் அடித்தால் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று அம்மா சொல்கிறாரா? சொன்னால் பின்னால் இருக்கும் விழித்திரையும் நரம்பும் உயிரோடு இருக்கின்றன என்று நம்பலாம். ஜன்னலை மாற்றி, பின்னால் அறை இருட்டாகவே இருந்தால் என்ன பயன், ஆகவே ஸ்கேன் எடுத்தும் பார்ப்பார்கள். கண்ணின் அழுத்தம் கூடியிருக்கிறதா? தழும்புக்குள் சிவப்புக் குழாய்கள் ஓடியிருக்கின்றனவா? ஓடியிருந்தால் புதுக் கருவிழியை உடம்பு தள்ளிவிடும் ஆபத்து அதிகம். தழும்பு மேலாகத்தான் இருக்கிறதா, ஆழமா? சில தழும்புகளில் வெள்ளையைவிட மேடு பள்ளம்தான் பார்வையைக் கெடுக்கும், அவர்களுக்கு ஒரு கடினமான கொண்டெக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தாலே ஆச்சரியப்படும் அளவுக்குத் தெரியும். புண் ஆறி எத்தனை மாதம்? கண் முழுக்க அமைதியாகும் வரை காத்திருப்பதுதான் நல்லது. கடைசியாக ஒன்று, இதை நீங்கள் எழுதவில்லை: இடது கண் எப்படி? அது நன்றாகத் தெரிகிறது என்றால் அவசரமே இல்லை, ஆறு மாதம் யோசித்தாலும் வலது கண்ணுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. இடதும் மங்கல் என்றால் நான் செய்யச் சொல்லும் பக்கம் சாய்வேன்.

ஒப்பரேஷன் பயப்பட வேண்டிய ஒன்றல்ல. நடுவில் ஏழெட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகப் பழைய கருவிழியை எடுத்துவிட்டு, அதே அளவு புதியதை வைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் பதினாறு தையல், தலைமயிரை விட மெல்லிய நைலோன் நூலில். 1905 டிசம்பர் 7ஆம் திகதி எடுவார்ட் சிர்ம் என்ற டொக்டர் இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஒலொமௌட்ஸ் என்ற ஊரில் ஒரு கூலித் தொழிலாளிக்கு இதைச் செய்தார், சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போனவர் அவர், ஒரு கண்ணில் பார்வை திரும்பி மறுபடி வேலைக்குப் போனார். உலகத்தில் முதலில் வெற்றியான மனிதக் கருவிழி மாற்று அதுதான்.

நான் பயப்படுவது ஒப்பரேஷனுக்குப் பிறகு வரும் ஒரு வருடத்தைப் பற்றித்தான், நீங்களும் அதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். ஒப்பரேஷன் ஒரு நாள், வைத்தியம் ஒரு வருடம். கட்டு அவிழ்த்த அன்றைக்கே பளிச்சென்று தெரியாது, புரை எடுத்த தாத்தாவோடு ஒப்பிட்டு அம்மா மனம் உடைந்துபோவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பார்வை மாதக் கணக்கில்தான் தெளியும், தையல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் கண்ணாடியோ லென்ஸோ போட்டால்தான் முழுப் பலன். முதல் மாதங்களில் ஒரு நாளைக்குப் பல தரம் மருந்து, பிறகு மெல்லக் குறைந்து குறைந்து ஒரு வருடம், சில பேருக்கு அதற்கு மேலும். இந்த இடத்தில் அதே ஸ்டீரொயிட்தான் காவல்காரன், அம்மா பயந்து நிறுத்திவிடக் கூடாது. எந்தக் கண்ணுக்கு, எந்த நேரத்தில், யார் பார்த்துக்கொண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருந்து விடுவதைச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொழுந்து எடுக்கிற விரல்களைப் பார்த்திருப்பீர்கள், நுனியில் கறுப்பாகக் கறை ஏறி, வெடிப்புகளுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கும். கறை போகாவிட்டால் பரவாயில்லை, ஆனால் சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம் உடுத்திய சேலையில் துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும். அம்மா தன் கண்ணுக்குத் தானே விட முடியாது, கை நடுங்கி போத்தல் மூக்கு கண்ணில் இடிக்கும். நீங்களோ தம்பியோ விடுங்கள். படுக்க வைத்து, கீழ் இமையைக் கன்னத்துப் பக்கம் மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், அதற்குள் ஒரு துளி. ஒரு துளி போதும், அதற்கு மேல் கண்ணுக்குள் இடமில்லை. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். போத்தலின் மூக்கு இமையிலோ மயிரிலோ படக் கூடாது.

லயத்துக் குசினியில் விறகு அடுப்புத்தானே? முதல் சில வாரம் அம்மாவை அந்தப் புகைப் பக்கம் விடாதீர்கள். இரவில் கண்ணுக்கு மேல் கவசம் ஒட்டித்தான் படுக்க வேண்டும், தூக்கத்தில் கை போய்விடும். தலைக்கு ஊற்றிக் குளிப்பது டொக்டர் சொன்ன பிறகு.

மலைக்கு எப்போது போகலாம் என்று அம்மா கட்டாயம் கேட்பார். மாதங்கள் ஆகும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கிறது, பதினைந்து இருபது கிலோ பின்னால் இழுக்க, உடம்பை முன்னால் சாய்த்து மேட்டில் ஏறும்போது மேல் வரிசைச் செடியின் நுனி சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது. கருவிழி மாற்றிய கண்ணில் அந்தத் தையல் வட்டம் பழைய பலத்துக்கு ஒருநாளும் வராது, பத்து வருடம் கழித்துக்கூட ஒரு அடி பட்டால் பிரியலாம். ஆகவே திரும்பிப் போனாலும் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் போகவே கூடாது. பனியில் மங்குது என்று கழற்றிவிடுவார்கள், எனக்குத் தெரியும், மங்கினால் நின்று துடைத்துவிட்டுப் போடட்டும். முடிந்தால் தோட்டத்து டொக்டரிடமும் ஐயாவிடமும் பேசி, அம்மாவுக்கு ஸ்டோரிலோ, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலோ இலேசான வேலை கேளுங்கள். ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்கும் முன்பே இதைப் பேசி வைக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவோம் என்ற கணக்கு மருந்துக் கணக்கை விடப் பெரியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசு இல்லை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கூட வருகிற ஆளின் ஒரு நாள் சம்பளத்துக்கும் காசு வேண்டுமே. கிளினிக்குக்கு எத்தனை தரம் வர வேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு விஷயங்களைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: சிவப்பு, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், வலி. இதில் ஒன்று வந்து ஒரு நாளாகியும் போகவில்லை என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். உடம்பு புதுக் கருவிழியைத் தள்ளத் தொடங்கினால் முதல் நாட்களில் மருந்தாலேயே பெரும்பாலும் அடக்கிவிடலாம். இரண்டு வாரம் பொறுத்துப் போனால் அந்தக் கருவிழி போய்விடும்.

இனி தாத்தா. எவ்வளவு நல்ல மனிதர். அவரிடம் முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர் கண்ணை மகளுக்கென்று எடுத்து வைக்க வேண்டியதில்லை, உயிரோடு இருக்கிறவரிடம் கண்ணைத் தானமாக எடுப்பதும் இல்லை. கருவிழிக்கு இரத்த வகை பார்க்க வேண்டிய தேவை பொதுவாகக் கிடையாது, சொந்தக்காரர் என்பதால் கூடுதலாகப் பொருந்திவிடும் என்பதும் இல்லை. யாருடைய கருவிழியும் அம்மாவுக்குப் பொருந்தும், அது தாத்தாவின் சாவுக்காகக் காத்திருக்க வேண்டிய காரியமே இல்லை. இதைக் கேட்டால் அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அப்பா போனால்தான் எனக்குக் கண் என்ற எண்ணத்தோடு அந்தப் பிள்ளை எப்படித் தூங்கும்? தாத்தாவின் கண்கள் முகம் தெரியாத இரண்டு பேருக்குப் போகும், ஒரு கண் ஒருவருக்கு.

சீனி தடையில்லை, பிரஷர் தடையில்லை, கண்ணாடி போட்டவரும் புரை எடுத்தவரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி, ஈரல் அழற்சி பி, சி, விசர்நாய்க்கடி நோய், இரத்தப் புற்றுநோய், உடம்பெல்லாம் கிருமி பரவின நிலை, இப்படிச் சிலதுக்குத்தான் எடுக்க மாட்டார்கள், அதற்காக உடம்பில் இருந்து கொஞ்சம் இரத்தமும் எடுத்துச் சோதிப்பார்கள். 82 வயது என்பதால் ஒன்று மட்டும் உண்மை: கருவிழியின் உள்பக்கத்தில் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு வரிசைக் கலங்கள் இருக்கின்றன, அவை வயதோடு குறையும், திரும்ப வளராது. எடுத்த கருவிழியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அந்தக் கலங்களை எண்ணிப் பார்த்துத்தான் யாருக்கு வைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். கலங்கள் குறைவாக இருந்தாலும், புண் வந்து ஓட்டை விழுந்த கண்ணை மூடிக் காப்பாற்ற அதே கருவிழி உதவும். அந்தத் தீர்ப்பைக் கண் வங்கி சொல்லட்டும், வயதைச் சாக்காக வைத்து நாமே முன்கூட்டி வேண்டாம் என்று சொல்ல வேண்டாம்.

பெரியப்பாவோடு சண்டை போடாமல் பேசுங்கள். அவர் கெட்டவர் இல்லை, தகப்பன் மேல் உள்ள பாசம்தான் அப்படிப் பேச வைக்கிறது. கண்ணப்ப நாயனாரை அவருக்குத் தெரியாமல் இருக்காது. சுவாமியின் வலது கண்ணில் இரத்தம் வடிந்ததும் தன் கண்ணைத் தோண்டி அப்பியவர், இடது கண்ணிலும் வடிந்ததும் மற்றதையும் தோண்டத் துணிந்து, அடையாளம் தெரிய வேண்டுமே என்று காலை ஊன்றிக்கொண்டவர். கண்ணைக் கொடுத்தவர் மறுபிறவியில் குருடானதாகவா நாம் சொல்லிக்கொள்கிறோம்? நாயன்மாரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். சிங்களச் சனங்கள் கண்தானத்தில் இவ்வளவு முன்னுக்கு நிற்பதற்கும் இது போல ஒரு கதைதான் பின்னால் இருக்கிறது, புத்தர் ஒரு பிறவியில் சிவி அரசனாகப் பிறந்து கண்ணைத் தானம் கொடுத்த கதை. கத்தோலிக்கத் திருச்சபையும் உறுப்புத் தானத்தை நல்ல காரியமாகவே சொல்கிறது.

முகம் விகாரமாகிவிடுமோ என்ற பயமும் பெரியப்பாவுக்கு உள்ளுக்குள் இருக்கலாம், அதைக் கேட்க வெட்கப்பட்டுப் பிறவியைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடுத்த பிறகு இமைக்குக் கீழே ஒரு சின்ன மூடி வைத்து இமையை மூடிவிடுவார்கள். பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தாத்தா தூங்குகிற மாதிரித்தான் இருக்கும். வேலை முழுவதும் அரை மணித்தியாலம்.

இந்த நாட்டில் இதைத் தொடங்கியவர் ஹட்சன் சில்வா. 1950களின் கடைசியில் பத்திரிகையில் எழுதிக் கண்தானம் கேட்டார், 1960இல் தன் தாய் இறந்ததும் தாயின் கண்ணையே ஓர் ஏழைக்குப் பொருத்தினார், 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் முதல் தடவையாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின, பெரிய பெட்டி கிட்டி ஒன்றும் இல்லை, நாம் தேத்தண்ணி கொண்டுபோகிற மாதிரித் தேமஸ் போத்தலில் ஐஸ் போட்டு. அதற்குப் பிறகு ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இந்தத் தீவில் இருந்து கருவிழி போயிருக்கிறது. தாத்தாவின் பேச்சை வயதான ஆளின் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் விருப்பம் மட்டும் போதாது. சில வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் இருந்து எனக்கு ஒரு போன் வந்தது, மகன் பேசினார். தகப்பன் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு இறந்திருக்கிறார். கண்தான அட்டையை அடையாள அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரப்பர் பட்டி சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம். மூத்தவர் கொழும்பில் இருந்து வந்து சேரட்டும், கேட்டுவிட்டுச் செய்வோம் என்று காத்திருந்திருக்கிறார்கள். எனக்குப் போன் வரும்போது காலை எட்டு மணி, பதினொரு மணித்தியாலம் போய்விட்டது. "இனி ஏலாதா டொக்டர்" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏலாது. இறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், நம் பாதைகளில் ஆள் வந்து சேரவே அதில் பாதி போய்விடும்.

அதனால் இப்போதே, தாத்தா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, பெரியப்பாவையும் மற்றப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். 1987ஆம் ஆண்டின் மனித இழையங்கள் மாற்றுச் சட்டத்தில் இதற்கு இடமுண்டு, அவர் எழுத்தில் சம்மதம் கொடுக்கலாம். ஆனாலும் அந்த நேரத்தில் பிள்ளைகள் தடுத்து நின்றால் யாரும் வீட்டுக்குள் புகுந்து எடுக்கப் போவதில்லை. கண்தானச் சங்கத்தின் இலக்கத்தையும், கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையோடு உள்ள கண் வங்கியின் இலக்கத்தையும், பக்கத்தில் உள்ள சங்கக் கிளையின் இலக்கத்தையும் கேட்டு வாங்கி மூன்று பேருடைய போனில் போட்டு வையுங்கள். உங்கள் தோட்டத்துக்கு இரவில் ஆள் வர முடியுமா, எத்தனை மணித்தியாலம் ஆகும் என்று இன்றைக்கே கேளுங்கள், முடியாது என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்றும் கேளுங்கள். அந்த நாள் வந்தால், தப்பு அடிக்கிறவர்களுக்குச் சொல்லி அனுப்பும் முன்பே அந்தப் போனை எடுக்க வேண்டும். ஆள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், மின்விசிறி வேண்டாம், கண்ணுக்கு நேரே சூடும் புகையும் வேண்டாம், ஊதுபத்தியைக் கால்மாட்டில் வைக்கலாம். டொக்டர் தந்த மரணச் சான்றும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஆஸ்பத்திரியில் தந்த பழைய அட்டையையும், விட்ட மருந்துகளின் பெயர்களையும் எடுத்துப் போங்கள், அந்த ஸ்டீரொயிட் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள். தம்பியையும் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள், ஒரு பயணத்தில் இரண்டு வேலை முடியும். அவனுடைய கருவிழி வரைபடம் கைக்கு வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.